பெரட்டுக்கு நிற்காத படம்

பதுளை பஜாரில் அடையாள அட்டைப் படம் என்றால் ஜெயந்தினிதான். ஸ்டூடியோ முதலாளி வேறொருவர். ஆனால் பதினொரு வருஷமாக "நாடியத் தூக்குங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிப் பாதி ஊரை நேராக உட்காரவைத்தவள் அவள். சிரிக்கத் தெரிந்த முகத்தைச் சிரிக்காதே என்று அதட்டுவதும் ஒரு பிழைப்பா என்று சில நாள் அவளுக்கே வெறுத்துப்போகும்.

அதனால் ஞாயிறானால் ஹாலிஎல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ஸ்டூடியோவின் பெரிய டிஜிட்டல் கேமராவோடு தெருப்படம் எடுக்கக் கிளம்பிவிடுவாள். எங்கே எடுப்பது? நம் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கேமராவைக் கண்டால் போதும், மேல் பொத்தானைப் போட்டு, கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, விடியற்காலையில் கங்காணி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரிசை கட்டி நிற்பதுபோல் விறைத்துவிடுவார்கள். காய்ச்சலில் படுத்தவன்கூட எழுந்து நிற்பான். பதுளையில் வருஷா வருஷம் நடக்கும் தெருப்படக் கண்காட்சிக்குப் போன முறை அவள் கொடுத்த ஐந்து படத்தையும் பார்த்துத் தேர்வாளர், "இது தெருவா, அடையாள அட்டை ஆபீஸா?" என்று கேட்டுவிட்டார். சபையில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வருஷம் முழுக்க அவள் வயிற்றில் நெருப்பாய்க் கிடந்தது. இந்த முறை ஒரே ஒரு படம், பெரட்டுக்கு நிற்காத ஒரே ஒரு முகம், அந்தச் சுவரில் தொங்கியே ஆக வேண்டும்.

பெரிய கேமராவின் நீண்ட மூக்கும் சத்தமும்தான் ஆளை மிரட்டுகிறது என்று முடிவுகட்டி, பழைய கேமரா பழுதுபார்க்கும் பஸீல் நானாவின் கடைக்குப் போனாள். அவர் இரண்டு ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களை மேசையில் வைத்தார். இரண்டும் கைக்குள் அடங்கும் ஃபிலிம் கேமராக்கள். ஒன்று புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கியது. மற்றதற்கு மூலை நசுங்கி, தோல் உரிந்திருந்தது.

"மினுங்குறத எடுங்க தங்கச்சி. கழுத்துல போட்டா ஒரு மதிப்பு."

ஜெயந்தினி ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்தாள். இந்த ரகத்தில் பார்க்கும் துவாரம் வேறு, லென்ஸ் வேறு. துவாரத்தின் நடுவில் ஒரு மஞ்சள் கட்டம்; அதற்குள் ஆள் இரட்டையாகத் தெரிவான்; வளையத்தைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் படம் துல்லியம். மினுங்கியதில் அந்தக் கட்டம் மழைநாள் ஜன்னல்போல் மங்கிக் கிடந்தது. நசுங்கியதில், எதிர்ப்பக்கம் நின்ற லொத்தர் சீட்டுக்காரரின் மூக்கு இரண்டாகி, டக்கென்று ஒன்றானது. விசையை அழுத்தினால் உச்சுக்கொட்டும் அளவுக்குத்தான் சத்தம்.

"இதுதான் நானா. அழகு சோறு போடுமா?"

"உங்க இஷ்டம்," என்றார் அவர், முகத்தைச் சுளித்துக்கொண்டு. அவரிடம் ஒரே ஒரு ஃபிலிம் சுருள்தான் இருந்தது. அடுத்தது கொழும்பிலிருந்து வரப் பத்து நாள். படம் கொடுக்கக் கடைசி நாளோ செவ்வாய். முப்பத்தாறு படம், அவ்வளவுதான்.

ஞாயிறு பசறைச் சந்தை. அதிசயம், ஒருத்தரும் விறைக்கவில்லை. மீன் வெட்டுகிறவர் மீன் வெட்டினார். கீரைக்குப் பேரம் பேசியவள் கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேரத்துக்கே திரும்பினாள். ஜெயந்தினிக்குக் கால் தரையில் பாவவில்லை. முப்பத்தைந்து படம் முடிந்தபோது, போஞ்சிக்காய் விற்கும் கருப்பம்மா கூப்பிட்டாள்.

"ஏம் புள்ள, காலையிலருந்து பாக்குறேன். மூடியக் கழட்டாம எதத்தான் புடிக்கிற?"

குனிந்து பார்த்தால் லென்ஸின்மேல் கறுப்பு மூடி கல்லுப்பிள்ளையார்போல் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டூடியோ கேமராவாக இருந்தால் திரை இருட்டிக் காட்டிக்கொடுத்திருக்கும். இதில் துவாரம் அதுபாட்டுக்குச் சந்தையை வெளிச்சமாகக் காட்டிக்கொண்டிருந்தது. மூடின கேமராவுக்கு எவன் விறைத்து நிற்பான்? பதினொரு வருஷத் தொழில்காரி தலையில் அடித்துக்கொண்டாள். அழுகையே வந்துவிட்டது.

கருப்பம்மாவுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "விழாத படத்துக்கு அந்தக் குனிவு என்ன, நிமிர்வு என்ன," என்று தராசைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். பக்கத்துக் கடைக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். வாயில் வெற்றிலை, கையில் போஞ்சி, கண்ணில் நீர்.

அழுதுகொண்டிருக்க நேரமா இது? ஜெயந்தினி மூடியைப் பிடுங்கிப் பல்லிடுக்கில் கவ்வினாள். மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு கருப்பம்மா. திருகினாள்; ஒரே கருப்பம்மா. முப்பத்தாறாவது படம் விழுந்தது.

மறுநாள் பஸீல் நானா ஃபிலிமைக் கழுவித் தொங்கவிட்டார். முப்பத்தைந்து கட்டம் வெறுமை. கடைசிக் கட்டத்தில் ஒரு சந்தையே சிரித்தது. "மாஷா அல்லாஹ்," என்றவர், "மினுங்குனதுல எடுத்திருந்தா கட்டம் ஒன்னு சேராமப் படம் கலங்கித்தான் போயிருக்கும்," என்று தானாகவே ஒப்புக்கொண்டார்.

கண்காட்சியில் அந்தப் படம் வாசலுக்கு நேரெதிரே, முதல் பரிசுச் சீட்டோடு தொங்கியது. அதே தேர்வாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எப்படிம்மா இப்படிச் சிரிக்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

"தொழில் ரகசியம் சார்," என்றாள் ஜெயந்தினி. ஒரு வருஷத்து நெருப்பு அன்றைக்குத்தான் அணைந்தது.

கருப்பம்மாவும் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், கையிரண்டும் தொடையோடு ஒட்டின, நாடி மேலே போனது. அப்பட்டமான பெரட்டு. சுவரில் சிரிக்கிறவளும் கீழே விறைத்தவளும் ஒருத்தி என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். ஜெயந்தினி மூடியை எடுத்து லென்ஸில் மாட்டி, மறுபடி கண்ணில் வைத்தாள்.

"அடி கூறுகெட்டவளே, திரும்பவும் மூடியப் போட்டுக்கிட்டு நிக்கிறியே," என்று கருப்பம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குள் மூடி ஜெயந்தினியின் பல்லிடுக்கில் இருந்தது.