நாலு சுற்றுக் குழாய்

எம்.ஏ. பொருளாதாரம் படித்துவிட்டு, எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேப்பர் ஸ்டோர் பார்த்தேன். பெரிய உத்தியோகம்தான், சிரிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய செய்தித்தாளை எடை போட்டு, வெடிக்கு வெறுங்குழாய் சுற்றும் வீடுகளுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். அதில் ஒரு வீடு எங்களுடையது. சுற்றுவது என் அம்மா.

2008இல் அந்தப் பழைய பேப்பர் விலை தாறுமாறாக ஏறியது. உலகத்துக் குப்பையையெல்லாம் சீனாக்காரன் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டிருந்தான். உலகச் சந்தை எப்படி ஆடினாலும் நம் நாட்டை அசைக்க முடியாது என்று டிவியில் கோட்டு போட்ட மேதாவிகள் அளந்துகொண்டிருந்தார்கள். எங்கள் முதலாளி ஆடிப்போய்விட்டார். லாபத்தில் கை வைக்க மனம் வருமா? பேப்பரில் வைத்தார்.

"குழாய்க்கு ஆறு சுத்துப் பேப்பரை நாலாக்கச் சொல்லு. எழுதிக் கொடுக்காத, வாயால சொன்னாப் போதும்" என்றார். என்ன சாமர்த்தியம்!

மற்ற வீடுகளில் சொல்லிவிட்டு, கடைசியாக எங்கள் வீட்டில் போய்ச் சொன்னேன். கம்பியில் சுற்றிய பேப்பருக்குப் பசை தடவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலே, நாலு சுத்துன்னா வெடி தும்மத்தான் செய்யும். சத்தம் எங்கன இருந்து வரும்?"

சர்வதேசச் சந்தை, தேவை, வரத்து என்று அரை மணி நேரம் விளக்கினேன். படித்த திமிர். அவள் கொட்டாவி விட்டுவிட்டு நாலு சுற்றே சுற்றினாள்.

தீபாவளிக்கு முன்பே பேப்பர் விலை இறங்கிவிட்டது. ஏறும்போது ஓடோடி வந்த உலகச் சந்தை, இறங்கும்போது எங்கள் தெருவுக்கு வழி தெரியாமல் நின்றுவிட்டது போலும். சுற்றைக் கூட்டச் சொல்லி முதலாளி வாய் திறக்கவில்லை.

மதுரை வியாபாரி ஒரு லோடு வெடியைத் திருப்பிக்கொண்டு வந்து கம்பெனி வாசலில் நின்றார். ஒன்றும் வெடிக்கவில்லை, புஸ்ஸென்று போகிறது என்று கத்தினார். முதலாளி, குழாய் சுற்றும் பெண்களையெல்லாம் வரவழைத்து அவர் முன்னால் நிறுத்தினார்.

"பேப்பரைத் திருடி வித்தீகளா? ஒங்களுக்கு இனிமே பேப்பர் கிடையாது" என்று குதித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதானப்பா பேப்பர் குடுத்தே. எத்தனை சுத்துன்னு சொன்னே?"

பெண்கள் அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். எனக்கு எம்.ஏ. கைகொடுத்தது. என் வேலை போய்விடும் என்று கணக்குப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஆறுன்னுதான் சொன்னேன் மொதலாளி."

பக்கத்து வீட்டுக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமாங்கய்யா, அவன் ஆறுன்னுதான் சொன்னான். நாங்கதான் கொறைச்சுப்புட்டோம்" என்றாள்.