என் எர்த் குழியில் கட்டிய கம்பி

என் காதுக்கு மிச்சமிருந்த கொஞ்ச நாளையும் கெடுத்தவன் என் பக்கத்துத் தறிக்கூடத்துக்காரன். ஊரில் அவனை நல்லவன் என்கிறார்கள். சொல்லட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடங்களில் வேலை பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. தறியில் நாடா ஓயாமல் ஓடி அடிக்கும் சத்தத்தில் இடது காது முதலில் போனது. வலது காதும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னார். மருந்து இல்லையாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசு என்றவர்களும் உண்டு. பூசினேன். காது அப்படியேதான் இருந்தது.

எனக்கு நாகஸ்வரம் பிடிக்கும். வாசிப்பவர் மூச்சு எடுக்கும் சத்தமும், ராகம் அடங்கும் இடத்தில் நூல் போல மெலிந்து வரும் ஒலியும் காதில் விழ வேண்டும். தறிக்குப் பக்கத்தில் நின்றே காலத்தை ஓட்டிய எனக்கு அது கிடைத்ததே இல்லை. காது மூடுவதற்குள் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை. வேலையை விட்டு நின்றதும் ராஜபாளையத்தில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கி, கேபிள் டிவி பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினேன்.

போட்டால் பாட்டுக்கு முன்னால் "உம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறிக்கூடம். எல்லாம் ஒரே கரண்ட் லைன். தறி கிளம்பினால் விளக்கு மங்கும், நின்றால் பளிச்சென்று எரியும். பெரிய வாசிப்பெல்லாம் கேட்டது. நான் கேட்க நினைத்த சின்ன ஒலிகளை அந்த உம் விழுங்கிவிட்டது.

ஸ்டெபிலைசர் வாங்கினேன். வோல்டேஜ் நின்றது, உம் நிற்கவில்லை. மீட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு மட்டும் தனி ஒயர் இழுத்தேன். பாதி குறைந்தது.

"அந்தப் பொட்டிக்குத் தனி லைனு. எனக்கு மிக்ஸி போட ஒழுங்கா ஒரு பிளக் பாயிண்ட் இல்ல. நானும் பாட்டுப் படிச்சிருக்கணும் போல" என்றாள் என் மனைவி.

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் பழைய எர்த் துருப்பிடித்துச் செத்துக் கிடக்கிறது, புதுக் குழி போட வேண்டும் என்றான். மதில் ஓரம் ஆள் உயரத்துக்குத் தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டோம். மதிலுக்கு மேலே பக்கத்துத் தறிக்கூடத்துக்காரன் தலை தெரிந்தது.

"என்ன அண்ணாச்சி, பாட்டு கேக்கதுக்குக் கெணறு வெட்டுதிய?"

"எர்த்து வே. நல்ல எர்த்து இருந்தாத்தான் இரைச்சல் போகுமாம்."

"கோயில் புத்துமண்ணு ரெண்டு கை போடுங்க. கரண்டுக்கும் பக்தி வரும்லா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் ஆம்ப்ளிஃபையரைப் போட்டேன். உம் இல்லை. வாசிப்பவர் மூச்சு எடுத்தது கேட்டது. சீவாளியை உதட்டில் வைக்கிற சின்னச் சத்தம்கூடக் கேட்டது. என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றுவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாள்தான். உம் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. ஆம்ப்ளிஃபையரைத் தொட்டால் விரல் சுரீரென்றது. குழி காய்ந்திருக்கும், தண்ணீர் ஊற்றுங்கள் என்று போனில் சொன்னான் எலக்ட்ரீசியன். ஊற்றினால் குறைந்தது, காய்ந்தால் கூடியது. வெயில் காலம். சில நாள் நான் போவதற்குள் குழி நனைந்திருக்கும். பக்கத்துக்காரன் மதிலுக்கு மேலே குடத்தைச் சாய்த்துக்கொண்டிருப்பான்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி வெயில்ல அலையுதிய? நான் ஊத்துதேன்லா."

அவனுக்கு நன்றி சொன்னேன். வாயால் சொன்னேன்.

ஒருநாள் காதைக் காட்ட மனைவியோடு திருநெல்வேலி போனேன். டிவி பெட்டியை அணைக்காமல் போய்விட்டோம். அன்று பக்கத்துக்காரனும் சிவகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். தறி மட்டும் ஓடியிருக்கிறது. குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். பெட்டிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் இருந்த ஒயர் உருகிச் சுவரில் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஆம்ப்ளிஃபையர் உள்ளே கரி. ஸ்பீக்கர் இரண்டும் ஊமை.

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தான். குழியில் கை வைக்கப் போனவன் ஷாக் அடித்துக் கையை இழுத்துக்கொண்டான். மண்ணைத் தள்ளிப் பார்த்தால், என் எர்த் குழாயில் ஒரு அலுமினியக் கம்பி முறுக்கிக் கட்டியிருக்கிறது. கம்பி மதில் ஓட்டை வழியாகப் பக்கத்துத் தறிக்கூடத்துக்குள் போகிறது.

விஷயம் இதுதான். அவன் கூடத்தில் கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி எரிந்துபோயிருக்கிறது. அதைச் சரிபண்ணத் தறியை நிறுத்த வேண்டும். நிறுத்த மனமில்லை. புதுசாக ஒரு நல்ல எர்த் பக்கத்தில் இருக்கிறதே என்று, அந்தக் கம்பிக்குப் பதிலாக என் குழியைக் கட்டிக்கொண்டான். குழி காய்ந்தால் அவன் விளக்குகள் மங்கும். அதற்குத்தான் குடம் குடமாகத் தண்ணீர். தண்ணீர் இல்லாத அன்று அவன் கரண்ட் மண்ணுக்குள் இறங்க முடியாமல் என் வீட்டுக்குள் ஏறி, ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கேபிள் ஒயரைப் பிடித்துப் போயிருக்கிறது. என் மனைவி அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் பாத்திரம் கழுவுவாள். அவள் செத்திருப்பாள்.

போய்க் கேட்டேன். அவன் முகம் மாறவே இல்லை.

"பூமி எல்லாருக்கும் பொதுதான அண்ணாச்சி? நான் என்ன உங்க வீட்டுக் கரண்டையா எடுத்தேன்? என் கரண்டை மண்ணுல விட்டேன்."

டீக்கடையில் சொன்னேன். சிரித்தார்கள். "பாட்டுப் பொட்டிக்கா வே இம்புட்டுச் சண்டை?" என்றார் ஒருவர். "எங்க கூடத்துலயும் எர்த்துலதான் ஓடுது. ஊரே அப்படித்தான்" என்றார் இன்னொருவர், பெருமையாக. மறுநாள் பக்கத்துக்காரன், கைக்குள் அடங்குகிற ஒரு புளூடூத் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து நீட்டினான். "சார்ஜ் போட்டாப் போதும். எர்த்தே வேண்டாம், பாத்துக்கிடுங்க." நான் வாங்கவில்லை.

ஆம்ப்ளிஃபையருக்குள் கருகிய பாகம் இப்போது வருவதில்லை என்று ராஜபாளையத்தில் கையை விரித்துவிட்டார்கள். வேறு ஆம்ப்ளிஃபையர் தேடிப் பிடித்து வர மழைக்காலம் ஆகிவிட்டது. கம்பியை அறுத்து, குழியைப் புதுப்பித்து, எல்லாம் சரியாக மாட்டினோம். எலக்ட்ரீசியன் ஸ்பீக்கரில் காதை வைத்து, "சுத்தமா இருக்கு அண்ணாச்சி, ஒரு பொட்டு இரைச்சல் இல்ல" என்றான். நானும் காதை வைத்தேன். அவன் நாகஸ்வரத்தைப் போட்டான். பெரிய வாசிப்பு எங்கோ கரிவலம் பக்கம் நடப்பது போலக் கேட்டது. மூச்சு கேட்கவில்லை. "கேக்கா?" என்று மனைவி என் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள். கேட்கிறது என்றேன்.

அவள் நம்பவில்லை.

தறிக்கூடத்துக்காரர்கள் மாதம் ஒருமுறை தெருமுனையில் கூடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் போவேன். என் குழியில் கட்டியிருந்த அந்தக் கம்பியோடு போவேன். அவன் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். பூமி பொது என்ற கதை வேண்டாம். ஒரு நாள் தறியை நிறுத்தி நியூட்ரலை மாட்டாமல், நான் நன்றி சொல்லச் சொல்ல என் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தானே, அது ஏன் என்று அங்கே பதில் சொல்ல வேண்டும்.