குடிக்கக் கூடாத காபி

அவ்னுக்குத் தன்னைப் பற்றி ஒரே ஒரு பெருமை உண்டு: தான் ஒரு பயணி. அக்கபா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் சரக்குப் பெட்டகங்களின் எண்களைத் தட்டச்சு செய்வது பிழைப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையை மாட்டிக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பி, பார்த்ததைக் கைப்பேசியில் பிடித்து உலகத்துக்குக் காட்டுவது லட்சியம். உலகம் என்றால் நாற்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேர் பெரியப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகள்.

அப்படி என்னதான் பார்த்தான் என்று கேட்டுவிடக் கூடாது. ஜெரஷின் பழைய ரோமானியத் தூண்களை அவன் படுத்த வாக்கில்தான் பார்த்தான். வாசலில் விற்ற பச்சை வாதுமைக்காயை உப்புத் தொட்டு ஒரு பொட்டலம் முழுக்கத் தின்றுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் சாய்ந்தவன் சாயங்காலம்தான் எழுந்தான். கெரக்கில் கோட்டைக்குள் கால் வைக்கவே இல்லை. எதிர்க்கடையில் ஈரல் வறுவல் நன்றாக இருந்தது. பெத்ராவைப் பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற இவன் மூன்று முறை போயும் பருப்பு சூப்புக் கடையைத் தாண்டவில்லை. இதையெல்லாம் அவனே சொல்லிச் சிரிப்பான். அடுத்தவன் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிட்டால் அவ்வளவாக வலிக்காது என்பது அவன் சின்ன வயதிலேயே கண்டுகொண்ட விஷயம்.

இப்பேர்ப்பட்டவனை நம்பித்தான் குதைபா தன் வாழ்க்கைப் பிரச்சினையை ஒப்படைத்தான்.

அவ்ன், குதைபா, யஸன் மூவரும் அம்மானில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். யஸன் இன்னும் பல் மருத்துவம் படிக்கிறான். ஸல்த் ஊர்க்காரனான குதைபா பொறியியல் படிப்பை நாலாவது வருடத்தில் உதறிவிட்டு அம்மானில் ஓர் உணவகத்தில் சமையல்காரனாகச் சேர்ந்துவிட்டான். அவன் அப்பா முப்பது வருடம் நில அளவை செய்தவர். என் மகன் பாலம் கட்டப்போகிறான் என்று ஸல்தில் சொல்லாத ஆளில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை; பேச்சை நிறுத்திவிட்டார். திட்டு வாங்கியவன் வீட்டில் இருந்துவிடலாம், பேசாத வீட்டில் எப்படி இருப்பது? குதைபா உணவகத்து மாடியில் படுக்கிறான். நாலு மாதம் ஆயிற்று.

வருகிற வியாழக்கிழமை அவன் தங்கை ரஹஃபுக்குக் கல்யாணம். வாசலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கை கொடுத்து உள்ளே அழைக்க வேண்டியவன் அண்ணன். அன்றைக்கு அங்கே அவன் இல்லையென்றால் ஊர் முழுக்கப் பார்த்துவிடும். அதற்கப்புறம் எந்த முகத்தோடு அந்தப் படியேறுவது? சித்தப்பாவைத் தூது அனுப்பலாமென்றால் தோட்டத்து வேலித் தகராறில் அவரும் அப்பாவும் எதிரும் புதிருமாக இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மூவரும் அம்மான் பழைய கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹும்முஸ், மொச்சை மசியல், ஃபலாஃபில், ஊறுகாய். பேசவேண்டியதைக் குதைபா பேசினான், தின்னவேண்டியதை அவ்ன் தின்றான்.

"காபி வரும். கையில வாங்கு. குடிக்காத. முன்னாடி வச்சிரு. 'ஏன் குடிக்கல'ன்னு அப்பா கேப்பாரு. 'வந்த காரியம் ஆனாத்தான் குடிப்போம்'னு சொல்லு. அவ்ளோதான்டா. முந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்த விருந்தாளி காபியத் தொடாம எந்திரிச்சுப் போனா அவரால தாங்க முடியாது. கேட்டதக் குடுத்துருவாரு."

"டேய், நான் என்ன நார்வேலருந்தா வந்திருக்கேன்? எங்க ஊர்லயும் இதே பழக்கம்தான்."

"பழக்கம் உனக்குத் தெரியும். உன் வாய்க்குத் தெரியுமா?"

"அப்ப யஸன் பேசட்டும்."

"அவன் எங்கப்பாவோட பல்லப் பாத்துருவான். வேணாம். நீதான் பேசற."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் பேசுகிற நேரத்தைவிட மெல்லுகிற நேரம் அதிகம் என்பதைக் குதைபா கவனித்திருக்க வேண்டும். ஆனால் முழுகுகிறவனுக்குத் துரும்பைப் பொறுக்கி எடுக்க நேரம் ஏது?

ஸல்த் போவதற்கு இன்னும் பொழுது இருந்தது. வந்ததற்கு ஊரையும் பார்ப்போம் என்று ரோமானிய அரங்கத்துக்குப் போனார்கள். நடுவில் ஓர் இடத்தில் நின்று பேசினால் மேல்படி வரைக்கும் கேட்கும். அவ்ன் அந்த இடத்தில் நின்று, கையை வீசி, தன் உரையை ஒத்திகை பார்த்தான். "மதிப்புக்குரிய பெரியப்பா! பெற்ற பிள்ளைக்கும் தகப்பனுக்கும் நடுவில்..." அயல்நாட்டுக் கிழவிகள் நாலு பேர் இதுவும் ஏதோ பழங்காலக் கலை போலும் என்று கை தட்டினார்கள். மேல்படியிலிருந்து யஸன் கத்தினான்: "நல்லாக் கேக்குதுடா! உன் வயித்துச் சத்தமும் சேந்து கேக்குது!"

அந்தச் சத்தத்துக்கு மரியாதை செய்ய பாகில் ஊறிய பாலாடைக்கட்டி இனிப்பான குனாஃபாவில் ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். அவ்ன் இரண்டு. பேருந்து ஏறும்போது ஒரு பை உப்புப் போட்ட பூசணி விதை வாங்கிக்கொண்டான். விதை கொறித்தால் பதற்றம் குறையும் என்பது அவன் கட்சி. ஸல்த் வந்து சேர்வதற்குள் பையும் காலி, நாக்கும் காய்ந்த தோல்.

தொழுகை முடிந்து குதைபாவின் வீட்டுப் படிக்கட்டுக்கு வந்தார்கள். மலைச்சரிவில் மஞ்சள் கல் வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கிற ஊர் அது. குதைபாவின் வீடு தொண்ணூறு படிக்கு மேலே இருந்தது. குதைபா கீழேயே நின்றுவிட்டான். காலையெல்லாம் கிண்டலடித்தவன் முகத்தில் இப்போது ரத்தமே இல்லை.

"டேய் அவ்ன்."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. போ."

அந்த "ஒண்ணுமில்ல" அவ்னின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. உயிரே போனாலும் காபியைத் தொடுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு படியேறினான்.

குதைபாவின் அப்பா, ஊர் வழக்கில் அபூ குதைபா, கதவைத் திறந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. பார்வை மட்டும் இன்னும் எதையோ அளந்துகொண்டே இருந்தது. "வாங்க வாங்க, உங்க வீடு" என்று உட்காரவைத்தார். அவரே கூஜாவிலிருந்து ஏலக்காய் மணக்க ஊற்றிக் கொடுத்தார். அவ்ன் வலது கையால் வாங்கினான். ஒரு கணம் மோந்தான். பிறகு முன்னால் இருந்த மேசையில் வைத்தான். யஸனும் வைத்தான். அவ்வளவுதான், முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

அபூ குதைபா அந்தக் கிண்ணங்களைப் பார்த்தார். இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்பதும் தெரியும். எனவே அவர் கேட்கவில்லை.

"தம்பி அக்கபாவா?"

"ஆமா பெரியப்பா."

"எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உங்க ஊரு மீன் சோத்துக்கு வெங்காயத்த எது வரைக்கும் வதக்கணும்? எங்க வீட்டுல செஞ்சா நெறமே வர்றதில்ல."

நுணலும் தன் வாயால் கெடும். அவ்ன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அங்கதான் பெரியப்பா எல்லாரும் தப்பு பண்றாங்க! பொன்னிறம் வந்ததும் எறக்கிடறாங்க. கூடாது. இன்னும் விடணும். பழுப்பாகும், அதுக்கும் மேல விடணும். கருகுறதுக்கு ஒரு மூச்சு முன்னாடி தண்ணிய ஊத்தணும். அந்தத் தண்ணிதான் சோறு. மீனெல்லாம் சும்மா பேருக்கு!"

"அப்படியா! சீரகம்?"

"சீரகம் தாராளமா! எங்கம்மா என்ன செய்வாங்கன்னா..."

அம்மா என்ன செய்வாள் என்பதை விளக்குவதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கை தானாக நீண்டது. கிண்ணம் தானாக உதட்டுக்கு வந்தது. ஒரே மடக்கு. அதோடு விட்டானா? போதும் என்பதற்கு அடையாளமாகக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் இரண்டு ஆட்டு ஆட்டி, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். நல்ல வளர்ப்பு.

யஸன் கண்ணை மூடிக்கொண்டான். தலைவனே குடித்தபின் தான் மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தன் கிண்ணத்தையும் எடுத்து மருந்து மாதிரி விழுங்கினான்.

"நல்லா இருந்துச்சா தம்பி?" என்றார் அபூ குதைபா.

"இருந்துச்சு பெரியப்பா" என்றான் அவ்ன். வேறென்ன சொல்வது? நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. காபியைக் குடித்தவனுக்குக் கோரிக்கை கிடையாது. ஊர் ஊராகத் தின்று திரிந்து எல்லாப் பழம்பெருமையையும் கோட்டை விட்டவன், இன்றைக்கு நண்பனின் வாழ்க்கையையும் ஒரு மடக்கில் விழுங்கிவிட்டான். கீழே வெயிலில் ஒருத்தன் நிற்கிறான். அவனிடம் போய் வெங்காயத்தின் நிறத்தைப் பற்றியா சொல்ல முடியும்?

"சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார் அபூ குதைபா. குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மன்ஸஃப் வந்தது. பெரிய தாம்பாளத்தில் ரொட்டி விரித்து, அதன்மேல் சோறு குவித்து, ஜமீதுத் தயிர்க்கட்டி கரைத்த சாற்றில் வெந்த ஆட்டிறைச்சி, மேலே நெய்யில் பொரித்த வாதுமை. மூவரும் தாம்பாளத்தைச் சுற்றி நின்றார்கள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் உருட்டிச் சாப்பிடுவது முறை. அபூ குதைபா எலும்போரத்துத் துண்டாகப் பார்த்துப் பிய்த்து அவ்னின் பக்கம் வைத்தார்.

அவ்ன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சாப்பிடுங்க தம்பி."

"வேணாம் பெரியப்பா."

யஸன் ஏற்கெனவே ஓர் உருண்டை உருட்டிவிட்டிருந்தான். அதைத் திரும்ப வைக்கவும் முடியாமல் வாயில் போடவும் முடியாமல் கையில் ஏந்திக்கொண்டு நின்றான்.

"காபியக் குடிச்சாச்சு" என்றார் அபூ குதைபா மெல்ல. "இனிமே கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல."

"நான் கேக்கல. கேக்குற யோக்கியதையத்தான் குடிச்சுத் தொலைச்சுட்டேனே." என்றான் அவ்ன். அரங்கத்தில் ஒத்திகை பார்த்த உரையில் ஒரு வார்த்தை கூட நினைவில் இல்லை. "நான் ஒரு தீனிக்கழுதை பெரியப்பா. பெத்ராவ விட்டுட்டு சூப்பு குடிச்சவன். இந்த வாசனைக்கு என் வயிறு என்ன பாடு படுதுன்னு எனக்குத்தான் தெரியும். ஆனா இதுல கை வைக்க மாட்டேன். என்கிட்ட விட்டுக்குடுக்குறதுக்கு வேற எதுவும் இல்ல. உங்க பையன் கீழ நிக்கிறான். வியாழக்கிழமை உங்க பக்கத்துல நிக்கணும்ங்கிறான். அவ்ளோதான்."

அபூ குதைபாவின் கை சோற்றின் மேல் நின்றுவிட்டது. நடைக்கு அப்பால் சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது. விருந்தாளி தொடாத மன்ஸஃப் அந்த வீட்டில் அதுவரை சமையலறைக்குத் திரும்பியதில்லை.

"எவ்வளவு நேரமா நிக்கிறான்?"

"நாங்க வந்ததுலருந்து."

"தொப்பி போட்டிருக்கானா?"

"இல்ல."

"போட மாட்டான்" என்றார் அவர் எரிச்சலோடு. "நூறு தடவை சொல்லியாச்சு. வெயில்ல நின்னா அவனுக்குத் தலைவலி வரும். போய்க் கூட்டிட்டு வா. சோறு ஆறுது."

அவ்ன் தொண்ணூறு படியையும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கடைசி ஐந்தாறு படிகளை உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினான். முழங்கை சிராய்த்து எழுந்தவனைப் பார்த்து, "தொரத்திட்டாரா?" என்றான் குதைபா. "சாப்பிடக் கூப்பிடுறாருடா, முட்டாளே!" என்று அவ்ன் அவனைப் பிடித்து இழுத்தான்.

தாம்பாளத்தின் இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் மகன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அபூ குதைபா ஒரு துண்டு இறைச்சியைப் பிய்த்துச் சோற்றின் மேல் அந்தப் பக்கமாகத் தள்ளினார். குதைபா அதைச் சோற்றோடு உருட்டி வாயில் போட்டான். மென்றான். தொழில் பழக்கம், நாக்கை ஒரு தட்டுத் தட்டினான்.

"புளிப்பு பத்தல" என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவ்ன் மெல்லுவதை நிறுத்தினான். நாலு மாதத்துக்குப் பிறகு அப்பன் முன்னால் சொல்கிற முதல் சொல்லா இது? தன்னைவிடப் பெரிய கழுதை உலகத்தில் இருக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது.

"நாலு மாசமாவே பத்தல" என்றார் அபூ குதைபா, தாம்பாளத்தைப் பார்த்தபடியே. "வியாழக்கிழமை ஜமீது நீ கரை. முடிச்சுட்டுக் கையக் கழுவிட்டு வாசலுக்கு வந்துரு."