எதிர்வீட்டில் இல்லாத டிசைன்

நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. வாசற்கதவாவது தனியாகத் தெரியட்டுமே என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? அந்த ஆசைதான் அன்புக்கரசியின் பட்டறைக்குச் சோறு போட்டது. கதவில் மாட்டும் பலாமரச் சதுரங்களைத் தானே செய்த ஜிக் சட்டத்தில் இறுக்கி, மரத்தில் கோடு குடையும் ரூட்டர் மெஷினை ஓட்டுவாள். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வளைவுகள், மயிரிழை பிசகாமல் விழும். சதுரத்தை எப்படித் திருப்பினாலும் பக்கத்துச் சதுரத்தின் கோடுகளோடு ஒட்டிக்கொள்ளும்; நாலு வளைவு சேர்ந்தால் ஒரு வட்டம்.

ஒருநாள், அவளிடம் கதவு செய்து வாங்கிய தனபாக்கியம் சண்டைக்கு வந்தாள்.

"எதுத்த வீட்டுக் கதவுலயும் எனக்குப் போட்ட அதே வட்டமா? நல்லாருக்கே நியாயம்!"

"ஏங்க்கா கத்திகினு இருக்கீங்க? வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று அன்புக்கரசி ஸ்க்ரூட்ரைவரோடு கிளம்பினாள். கதவிலிருந்த சதுரங்களில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழற்றி, பக்கவாட்டில் திருப்பி மாட்டினாள். வட்டமெல்லாம் போய்க் கதவு முழுக்க அலை ஓடியது. தனபாக்கியத்துக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் எதிர்வீட்டு இசைப்பிரியா நின்றாள்.

"அவங்களுக்கு மட்டும் புதுசா அலை, எனக்குப் பழைய வட்டமா? எனக்கும் அதே மாதிரி வேணும்."

அன்புக்கரசி சிரித்துக்கொண்டே எழுந்தாள். ஸ்க்ரூட்ரைவரை அவள் நேற்றிலிருந்து இடுப்பைவிட்டு எடுக்கவேயில்லை.