வாட்ச் பாய் சொல்லச் சொன்ன சேதி

வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது கடைத் தொலைபேசி அடித்தது. அக்கா மகன் பேசினான். "மாமு, வாப்பா மவுத்தாயிட்டாங்க" என்றான். அவன் வாப்பா, என் மச்சான், இறந்துவிட்டார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. "மாப்ளே, மணி என்னாச்சு?" என்று மச்சான் கேட்பார், சொல்ல வேண்டும் என்கிற பழக்கமாக இருக்கலாம். அவர் தலைக்கு நேர்மேலேதான் அந்தக் கடிகாரம் தொங்கியது. இருந்தாலும் என்னிடம் கேட்பார். நான் இல்லாவிட்டால் மிளகாய் வாங்க வந்த அம்மாவிடம் கேட்பார்.

முகம்மது மைதீன் என்று அவர் பெயரைச் சொன்னால் சிராங்கூன் சாலைப் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது. வாட்ச் பாய் என்றால் எல்லாருக்கும் தெரியும். என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். மளிகைக் கடையில் எனக்குக் கூட்டாளி. அந்தப் பட்டப்பெயரை நம்பி, ஓடாத கைக்கடிகாரத்தோடு கடைக்கு வந்து ரிப்பேர் கேட்டவர்களும் உண்டு. "கடிகாரம் இல்லங்க, கடலைப்பருப்பு இருக்கு" என்று சொல்லி, அவர்களுக்கும் ஏதாவது விற்று அனுப்பியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்த பிறகு பள்ளிவாசலில் பேசியவர்கள், மச்சான் பிறவியிலேயே பணிவானவர், இறையச்சம் மிக்கவர் என்றார்கள். இறந்தவரைப் பற்றி நல்லது பேச வேண்டியதுதான். ஆனால் 'பிறவியிலேயே' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் அவரைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

அப்போது அவர் கையில் தங்க நிறப் பட்டை போட்ட வாட்ச் ஒன்று இருந்தது. தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்க வேண்டும் என்று அதைச் சில நிமிடம் முன்தள்ளி வைத்திருப்பார். அவர் எந்த இடத்துக்கும் பிந்தி வந்து நான் பார்த்ததில்லை. பிந்தி வருகிறவரை விட்டதும் இல்லை. வாசலில் நின்று மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டுவார். ஒன்றும் சொல்ல மாட்டார், காட்டுவார். வாங்கிக் கட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இமாம் அவர்களிடமே ஒரு வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு முடிந்ததும், "ஹஜ்ரத், இன்னைக்கு பயான் கொஞ்சம் நீண்டுருச்சு" என்று வாட்ச்சைத் தட்டிக் காட்டியவர். உருளைக்கிழங்கு கொண்டுவரும் சீன லாரிக்காரர் மட்டும் மசிய மாட்டார். "பாய், நான் லேட் இல்ல லா, உங்க வாட்ச்தான் ஓடுது" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். மச்சானுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

எழுபதுகள் முடியப்போகும் சமயத்தில் வந்த ஒரு நோன்பு மாதம் அது. எங்கள் பள்ளியில் நோன்புக் கஞ்சி பெயர் பெற்றது. பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் தூக்குப் பாத்திரங்களோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். முஸ்லிம்தான் வர வேண்டும் என்றில்லை. கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில் மச்சானுக்கு ஒரு முக்காலி. சூரியன் மறைந்து, வானொலியில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு கேட்டவுடன் அவர் கையை உயர்த்துவார். எங்கள் பிலால், அதாவது பாங்கு சொல்கிற பெரியவர், அதைப் பார்த்துப் பாங்கு சொல்வார். அதன்பிறகுதான் எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பது. இது எங்கள் பள்ளி வழக்கம்.

அன்று சாயங்காலம் அப்படி ஒரு மழை. வானம் கறுத்துப் போய், இடி விழுந்ததில் தெருவுக்கே கரண்ட் போயிற்று. வானொலியும் நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கியவர்களெல்லாம் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கட்டம் போட்ட கைலியும் துணிப்பையுமாக முன்பின் தெரியாத ஒருவர் மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மச்சான் இருட்டில் வாட்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதை முன்தள்ளி வைத்தவரே அவர்தான். எப்போதும் மனத்துக்குள் கழித்துக்கொள்வார். அன்றைக்குக் கழிக்கவில்லை. கையை உயர்த்திவிட்டார். பிலால் பாங்கு சொன்னார்.

பக்கத்தில் இருந்தவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "நேரமாயிருச்சா பாய்?" என்று கேட்டார்.

"என் வாட்ச் தப்பாதுங்க. குடிங்க" என்றார் மச்சான்.

அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இஞ்சி தூக்கலா இருக்கு. எங்க உம்மா வைக்கிற மாதிரி" என்றார். மச்சானுக்கு மகிழ்ச்சி. தன் கையாலேயே இன்னொரு அகப்பை ஊற்றினார். குடித்த வேகத்தில், பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று அந்த மனிதர் மழையிலேயே கிளம்பிப் போய்விட்டார்.

அதன்பிறகுதான் கரண்ட் வந்தது. வானொலி உயிர் பெற்றது. அதில் இன்னும் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பாங்குக்கு முன்னால் ஓதுவது. வாயில் கஞ்சியும் பழமுமாக நாங்கள் அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துப்புவதா விழுங்குவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வானொலியில் பாங்கு ஆரம்பித்தது. நாள் முழுக்கப் பசித்திருந்து பிடித்த நோன்பு, அந்தச் சில நிமிடத்தில் எங்கள் எல்லாருக்கும் முறிந்து போயிருந்தது.

முதலில் பிலால் மேல்தான் பாய்ந்தார்கள். "வயசானா வீட்ல இருக்கணும்" என்றார் ஒருவர்.  நான் மச்சான் காதில், "மழை, இருட்டு, யாருக்கும் தெரியாது. பேசாம இருங்க மச்சான்" என்றேன். வியாபாரி புத்தி அப்படித்தான் போகும்.

"மேல ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தானே இருந்தான் மாப்ளே" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்றார். "பிலால் மேல தப்பில்ல. நான் கையத் தூக்கினேன், அவர் சொன்னாரு. என் வாட்ச் முன்னால ஓடுது. நானாத்தான் அப்படி வச்சிருந்தேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், தினமும் பிந்தி வந்து மச்சானின் மணிக்கட்டைப் பார்த்தவர், காத்திருந்த மாதிரி கேட்டார்: "வாட்ச் பாய்க்கு மட்டும் சூரியன் சீக்கிரம் விழுமோ?"

பள்ளிக்குள் சிரிப்பு எழுந்தது. பழைய மச்சானாக இருந்தால் அந்த ஆளைச் சும்மா விட்டிருக்க மாட்டார். அன்று அவர் பிலாலின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கடைசிவரை மறுபடி கட்டவில்லை.

ஹஜ்ரத் எல்லாருக்கும் விளக்கினார். தெரியாமல் நடந்தது, பாவமில்லை. ஆனால் அந்த நோன்பு கணக்கில் சேராது. வேறொரு நாள் பிடித்து ஈடு செய்ய வேண்டும். அதை நாங்கள் களா என்போம். கேட்டவர்கள் சரி என்று போய்விட்டார்கள். மச்சான் போகவில்லை. கஞ்சி குடித்துவிட்டு முன்னாலேயே போனவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டார்.

"அவங்க அறியாதவங்க. அல்லா மன்னிக்கிறவன்" என்றார் ஹஜ்ரத்.

"அவன் மன்னிப்பான், ஹஜ்ரத். ஆனா மறுமையில அவங்க என்னப் பாத்து, 'நீதானே குடின்னு சொன்னே, அப்புறம் வந்து ஏன் சொல்லல'ன்னு கேட்டா, நான் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

பெருநாள் கழிந்ததும் தேடல் தொடங்கியது. கடை வேன் என்னுடையது, அதனால் நானும் மாட்டிக்கொண்டேன். தெருவில் இருந்தவர்கள் பலரும் அப்போது வீவக அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். சரக்குப் போடப் போகிற வழியில் ஒவ்வொருவராகப் பிடித்தோம். கதவைத் திறந்ததும் மச்சான் ஸலாம் சொல்லி, நடந்ததைச் சொல்லி, "ஒரு நோன்பு களாப் பண்ணிருங்க, என்னையும் பொறுத்துக்குங்க" என்பார். சிலர் தேநீர் கொடுத்தார்கள். ஒருவர், இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று திகைத்தார்.

ஆங் மோ கியோவில் ஒரு வீடு. அன்று பள்ளியில் நன்றாக இரண்டு கோப்பை குடித்தவர் என்று பானைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். விசாரித்து வந்திருந்தோம். கதவு திறந்தது. உள்ளே சுவரில் மாதா படம். மச்சான் அதைக் கவனிக்கவில்லை.

"அன்னைக்கு மழையில பள்ளியில கஞ்சி குடிச்சீங்கள்ல?"

"குடிச்சேன் பாய். ஏன், கஞ்சில ஏதும் விழுந்துருச்சா?"

"இல்லங்க. உங்க நோன்பு…"

"பாய், நான் அந்தோணி. கத்தோலிக்கன்."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "நான் அப்பவே சொன்னேன், ஓசிக் கஞ்சிக்குப் போகாதீங்கன்னு. பாருங்க, வீடு வரைக்கும் வந்துட்டாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மச்சான் அசடு வழிந்து நின்றார். அந்தோணி எங்களை உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டார். "கவலைய விடுங்க பாய். எங்களுக்கும் தவக்காலம் இருக்கு. உங்க பேருக்கு ஒரு வெள்ளிக்கிழமை சேத்துப் பிடிச்சிர்றேன்" என்றார். கைலிக்காரரைப் பற்றி அவர்தான் ஒரு தகவல் தந்தார். மழையில் வெளியே ஓடியபோது, ஜொகூர் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று தன்னிடம் கேட்டாராம்.

அதன்பிறகு உட்லண்ட்ஸ் பக்கம் சரக்குப் போடப் போகும்போதெல்லாம் மச்சான் ஜொகூர் போகிற பாலத்துக்குப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார். நான் வேலையை முடித்துத் திரும்பும்வரை அங்கேயே நிற்பார். எனக்கு ஒருநாள் எரிச்சல் வந்துவிட்டது.

"மூஞ்சியாவது தெரியுமா மச்சான்?"

"இருட்டுல எங்க பாத்தேன். குரல் தெரியும்."

"தினம் எத்தனை ஆயிரம் பேரு போறான் இங்க. அல்லா இதுக்கெல்லாமா உங்களப் பிடிச்சு அடிப்பான்?"

அவர் வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "அடிப்பான்னு யாருடா பயந்தா? உங்க லாத்தாவப் பாரு. நான் எந்நேரம் போனாலும் சாப்பிடாம உக்காந்திருப்பா. ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டா. அவ சும்மா சோத்தப் போடுவா பாரு, அந்த மூஞ்சியப் பாக்க எனக்குப் பயமா இருக்கும். இவ்வளவு நாள் குடுத்தவன் முன்னாடி போய் நிக்கணும். அந்தப் பயந்தான்."

இறையச்சத்தைப் பற்றி நான் எத்தனையோ பயான் கேட்டிருக்கிறேன், பாதியில் தூங்கியும் இருக்கிறேன். எனக்குப் புரிந்தது லாத்தாவின் சோற்றை வைத்து அவர் சொன்ன இதுதான்.

அந்த வருடத்திலிருந்துதான் அவர் எல்லாரிடமும் மணி கேட்க ஆரம்பித்தார். பள்ளியில் அதே முக்காலியில்தான் உட்காருவார். ஆனால் வானொலியில் பாங்கு கேட்ட பிறகும் பக்கத்தில் இருப்பவரிடம், "நேரமாயிருச்சாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை உயர்த்துவார். பக்கத்தில் இருப்பவர் டாக்டராக இருந்தாலும் சரி, கப்பல் பட்டறைத் தொழிலாளியாக இருந்தாலும் சரி. பள்ளி நிர்வாகத் தலைவராக வரச் சொல்லி வற்புறுத்தினார்கள். "எனக்கு மணியே தெரியாதுப்பா" என்று சொல்லிக் கழன்றுகொண்டார். பிந்தி வருகிறவர்களுக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தார். உருளைக்கிழங்கு லாரிக்காரரிடம் ஒருநாள் அவராகவே போய், "நீ சொன்னது சரிதான் தவுக்கே, வாட்ச் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார். அந்த மனிதருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பட்டப்பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. வாட்ச் எங்கே பாய் என்று யாராவது கேட்டால், வெட்கப்படாமல் முழுக் கதையையும் சொல்வார். வாடிக்கையாளர் காத்திருக்க, நான் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது குரல் மெலிந்திருந்தது.

"மாப்ளே, அவரப் பாத்தா சொல்லிரு."

"யாரை மச்சான்?"

"இஞ்சி தூக்கல்னாரே."

"சொல்லிர்றேன்."

"எப்படிடா சொல்லுவே, நானே கண்டுபிடிக்கல."

"நான் வியாபாரி மச்சான். சரக்கு வந்திருக்குன்னு ஊருக்குச் சொல்லத் தெரியாதா எனக்கு?"

சிரித்தார். பிறகு, "மணி என்னாச்சு?" என்றார். சொன்னேன்.

சுவா சூ காங் அடக்கத்தலத்தில் மண் தள்ளியபோது தூறல் விழுந்தது. ஓரமாக அந்தோணி குடை பிடித்து நின்றார். என்னிடம் வந்து, "கைலிக்காரர் கிடைச்சாரா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.

மச்சானுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இந்தப் பேனாவை எடுத்தேன். இந்தப் பத்திரிகை பாலத்துக்கு அந்தப் பக்கமும் போகிறது. நோன்பு மாதமும் நெருங்குகிறது.

ஐயா, நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. பெரிய மழை நாளில், கட்டம் போட்ட கைலியோடு எங்கள் பள்ளியில் ஒதுங்கினீர்கள். நேரமாயிற்றா என்று கேட்டீர்கள். கஞ்சியில் இஞ்சி தூக்கல், உங்கள் உம்மா வைக்கிற மாதிரி என்றீர்கள். அன்றைக்கு நேரமாகவில்லை. அந்த ஒரு நோன்பை நீங்கள் மறுபடி பிடிக்க வேண்டும். குடிக்கச் சொன்னவர் முகம்மது மைதீன். உங்களைத் தேடி உட்லண்ட்ஸ் பஸ் நிறுத்தத்தில் எத்தனையோ நாள் நின்றார். அவரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இந்த நோன்புக்கு எங்கள் பள்ளிக்கு வாருங்கள். முக்காலி அதே இடத்தில்தான் இருக்கும். கஞ்சியில் இஞ்சியும் குறையாது.

மச்சான், சேதியைச் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். நேரமாயிற்று.