மாப்பிள்ளை மீனின் வம்சம்

கல்யாணப் பேச்சென்றால் லிங்கசாமியின் வாயில் வரும் முதல் கேள்வி, "என்ன கூட்டம்?" ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. மகன் சரத் விரும்பிய பெண் தங்கள் கூட்டம்தான் என்று தெரிந்த அன்று மனுஷர் வீட்டில் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. சம்பந்தத்தை நிறுத்திவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அப்பேர்ப்பட்டவர்தான் மீன் தொட்டியில் வருஷாவருஷம் அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்தார்.

அவலாஞ்சி போகிற வழியில், ஓடைத் தண்ணீரைத் திருப்பி நடத்தும் சின்ன ட்ரவுட் மீன் பண்ணை அது. மேட்டுப்பாளையத்திலிருந்து இளவட்டமாக வந்த லிங்கசாமி அங்கேயே நரைத்துவிட்டார். குஞ்சு எடுப்பது அவர் பொறுப்பு. உறைபனி விழும் மாதங்களில் பெண் மீனின் வயிற்றை வழித்து முட்டைகளைக் குண்டாவில் இறக்கி, அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி, கோழி இறகால் கலக்க வேண்டும். தீவனம் போடும் அம்சவேணி குண்டாவைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு பெண் மீனுக்கும் வேறு குளத்து ஆண் மீன் என்பது பண்ணைச் சட்டம்.

சட்டம் போட்டவருக்கென்ன, விரல் மரத்துப்போகிறவருக்கல்லவா தெரியும்! குளம் குளமாக இறங்கி ஆண் மீன் பிடிக்க யாரால் முடியும்? அப்போதுதான் கைக்கு அடங்காத ஆண் மீன் ஒன்று சிக்கியது. மாப்பிள்ளை என்று பேர் வைத்து, பக்கத்திலேயே ஒரு தொட்டியில் விட்டுக்கொண்டார். எல்லா முட்டைக்கும் மாப்பிள்ளை ஒருவனே போதும். குஞ்சுகளும் கொழுகொழுவென்று பொரித்தன. முதலாளி கீர்த்திவாசன் முதுகில் தட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை செத்தபின் அவன் மகன்களில் திடமான ஒருவன் அந்தத் தொட்டிக்கு வந்தான். பெண் மீன்களோ அவன் கூடப் பிறந்தவை. மீனுக்கு ஏது முறை என்று லிங்கசாமி விட்டுவிட்டார்.

வருஷங்கள் போகப்போகக் குஞ்சுகள் முதுகு வளைந்து பிறந்தன. சிலவற்றுக்குச் செவுள் மூடியே இல்லை. போன கோடையில் தண்ணீர் சற்றே சூடேறியதும் குளங்கள் முழுக்கச் செத்த மீன் மிதந்தது. பூசணம் பிடித்த தீவனத்தை அம்சவேணி போட்டிருப்பாள் என்று கீர்த்திவாசன் முடிவுகட்டி, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார். புருஷனை இழந்து, மகள் வர்ஷாவைப் படிக்கவைப்பவள் அவள். பக்கத்திலேயே நின்ற லிங்கசாமிக்கு உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கணக்கு முடிக்கிற அன்று, மீன்கள் செத்த காரணம் பார்க்க, மீன் ஆராய்ச்சி செய்யும் காயத்ரி கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். வளைந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எல்லா உசுருலயும் ஒளிஞ்சிருக்கற குறை சிலது இருக்குங்க. அப்பன்கிட்டருந்து குறை வந்தாலும் ஆத்தாகிட்டருந்து வர்ற நல்லது அதை மறைச்சிரும். ஒரே அப்பன் புள்ளைக சேந்தா, ரெண்டு பக்கமும் அதே குறை வந்து விழுந்துருது. அதுபோக, எல்லாமே ஒரே அச்சா இருந்தா, சூட்டைத் தாங்கறதுக்குன்னு தனியா ஒண்ணும் மிஞ்சாதுங்க. ஆண் மீனை மாத்தி மாத்தித்தானுங்க எடுத்தீங்க?"

"ஆமாங்க, மாத்தித்தான்" என்றார் லிங்கசாமி.

தீவன வாளியோடு பக்கத்தில் நின்ற அம்சவேணி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தான் இவ்வளவு கேவலமான ஆளா என்று அவருக்கே கூசியது.

சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

"அம்சா, நீ போகவேண்டாம் புள்ள. தப்பு எம்மேலதான். அந்த மாப்பிள்ளை…"

"எனக்குத் தெரியாதுங்களாண்ணா? குண்டாவைப் புடிச்சதே நாந்தானுங்களே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேனுங்க."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. மூச்சிரைக்க மேடேறிப்போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். கீர்த்திவாசன் கத்தவில்லை.

"அந்தப் பொண்ணை நிக்கச் சொன்னப்ப நீங்க பக்கத்துலதானுங்ணா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அம்சவேணி திரும்பி வந்தாள். வெவ்வேறு பண்ணைகளிலிருந்து வாங்கிய மீன்கள் தனித்தனிக் குளங்களுக்கு வந்தன. அடுத்த உறைபனிக்கு வயிறு வழிக்கிற வேலை அவளுக்குப் போனது. லிங்கசாமிக்குக் குளத்தில் இறங்கி ஆண் மீன் பிடிக்கிற வேலை. விரல் மரத்தால் என்ன, படட்டும் என்று இறங்குகிறார்.

ஒவ்வொரு மீனையும் அவர் நீட்டும்போது, கை வைக்குமுன் அவள் ஒரு வார்த்தை கேட்பாள்:

"இது என்ன கூட்டமுங்ணா?"

கேலியாகக் கேட்டாலாவது சிரித்துச் சமாளித்திருப்பார். அவள் நிஜமாகவே கேட்கிறாள்.

"மேல் குளத்து மீனும்மா" என்பார் லிங்கசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.