மைக்செட்காரருக்குப் பிடித்த ஜப்பான் குரல்

பேரையூரில் ஆண்டிச்சாமி என்று நாலைந்து பேர் இருக்கிறார்கள். மைக்செட் ஆண்டிச்சாமி என்றால் ஒருத்தர்தான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று சுத்துப்பட்டு விசேஷ வீடுகளுக்கெல்லாம் முப்பது வருஷமாக ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர். ஒரே பாட்டுகளைப் போட்டுப் போட்டு, பாட்டு ஓடுவதே அவர் காதில் விழாமல் போயிருந்தது. குழாய் கரகரத்தால் மட்டும் தலை திரும்பும்.

போன தை மாதம், பந்தி நேரத்தில் போடுவதற்கு வார்த்தை இல்லாத கிடார் இசை வேண்டுமென்று போனில் ஒரு பாட்டுப் பட்டியலைப் பிடித்தார். வீட்டில் வயரைச் சுருட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டியல் முடிந்ததும் ஆப் தன்பாட்டுக்கு வேறெதையோ ஓட்ட ஆரம்பித்தது. ஒரு பெண் குரல். தெரியாத பாஷை. சொல்லின் கடைசியில் குரலை நடுங்கவிட்டு, இழுத்து, சட்டென்று விட்டாள். ஆண்டிச்சாமிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏ முனீசு, இங்க வா. இது என்ன பாசை?"

அவர் மனைவி முனீஸ்வரி மாவுக் கையோடு எட்டிப் பார்த்தாள். "எழுத்தப் பாத்தா சீனாக்காரன் எழுத்து கணக்கா இருக்கு."

இப்போது ஓடிய பட்டியலின் தலைப்பில் ஜப்பான் என்று இங்கிலீஷில் இருந்தது. அந்த மட்டுக்கும் அவருக்கு வாசிக்க வந்தது.

அன்றைக்குத் தோண்ட ஆரம்பித்தவர்தான். ஒரு பட்டியலுக்குள் போனால் அடியில் இன்னும் நாலு பட்டியல். பெயர் தெரியாது, அதனால் படத்தை வைத்து அடையாளம் பிடித்தார். நீச்சல்குளமும் காரும் போட்டிருந்தால் துள்ளல் பாட்டு. பேஸ் கிடார் வழுக்கிக்கொண்டு போகும். பட்டு உடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா நின்றால் அந்த நடுங்குகிற குரல். மூன்று கம்பி வாத்தியத்தைக் கட்டையால் அடித்து வாசிக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இருக்கிற நாலு பெண்கள் கிடாரை அலறவிடுகிறார்கள். ஆளுயர முரசு அடிப்பதைப் பெரிய பாக்ஸில் போட்டுப் பார்த்தபோது, அடுப்படியில் எவர்சில்வர் தட்டு உருண்டு விழுந்தது.

"ஒரு நாட்டுக்குள்ள எம்புட்டு வகை பாரு" என்று முனீஸ்வரியிடம் சொல்லிச் சொல்லி மாளவில்லை.

ஆனாலும் முதல் நாள் கேட்ட குரலை அவரால் விட முடியவில்லை. அவள் என்னதான் பாடுகிறாள்? காதலனைப் பிரிந்தவள் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

சித்திரையில் பக்கத்து ஊரில் நல்லகாமன் புது வீட்டில் பால் காய்ச்சினார். பந்தி முடிந்து சனம் அசந்து உட்கார்ந்திருந்த நேரம். குழாயில் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆண்டிச்சாமிக்கு ஆசை. மெதுவாகப் போட்டுவிட்டார்.

நல்லகாமன் எழுந்து வந்தார். "ஆண்டிச்சாமி, இது எந்தப் படம்?"

"படமில்லண்ணே. ஜப்பான் பாட்டு."

"புது வீட்டுல ஒப்பாரியா போடுற?"

ஆண்டிச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தத்தைக் குறைத்தார். "ஒப்பாரி இல்லண்ணே. காதல் பாட்டு."

"ஒனக்கு அர்த்தம் தெரியுமா?"

தெரியாது. மதுரையில் காலேஜ் படிக்கிற நல்லகாமனின் மகள் தமிழ்வாணி, "இருங்க சித்தப்பா" என்று போனை வாங்கி, பாட்டு வரிகளைத் தேடி எடுத்துத் தமிழுக்கு மாற்றினாள். வந்த தமிழ் கையொரு பக்கம் காலொரு பக்கமாகக் கிடந்தது. அவளே கோத்துச் சொன்னாள்.

"துறைமுகத்துப் பக்கம் சின்னதா சாராயக்கடை வச்சிருக்கா ஒரு பொம்பள. வெளிய பனி கொட்டுது. குடிக்க வந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. ஒருத்தன் மட்டும் வருவான்னு இன்னும் கதவச் சாத்தாம இருக்கா."

பந்தலில் யாரோ கெக்கெக்கென்று சிரித்தார்கள். "பால் காய்ச்சின வீட்டுல சாராயக்கடைப் பாட்டு!"

ஆண்டிச்சாமி பாட்டை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். நல்லகாமன் தடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. "அவன் வந்தானாம்மா?" என்று மகளிடம் கேட்டார்.

"பாட்டுல அது இல்லப்பா."

"அது எப்பிடி இல்லாமப் போகும்? போடுப்பா, முதல்ல இருந்து போடு."

அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் தமிழ்வாணிக்குப் பாட்டு அனுப்பி அர்த்தம் கேட்பது ஆண்டிச்சாமிக்கு வழக்கமாகிவிட்டது. சண்டைக்குப் போகிற பாட்டு என்று அவர் நினைத்திருந்தது மீனவர்கள் வலை இழுக்கிற பாட்டு. அழுகை என்று நினைத்தது பள்ளிக்கூட லீவு முடிகிற வருத்தம். ஒவ்வொரு தடவை தப்பாகும்போதும் அவருக்கு உற்சாகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டின் தெற்குத் தீவுகளின் பாட்டுகள் கிடைத்தன. கைதட்டு, கூட்டமாகப் பெண்கள் குரல், நடுவில் கீச்சென்று ஒரு சத்தம். "கேளு, குலவை போடுறாக!" என்று முனீஸ்வரியிடம் போனை நீட்டினார்.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "குலவையில நாக்கு ஆடணும். இது வெரல வாயில வச்சு அடிக்கிற விசிலு."

திரும்ப ஓட்டிக் கேட்டார். விசில்தான். முனீஸ்வரி வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, அடுத்ததப் போடுங்க."